மின்தடை இரவுகளில் முதியவர் உள்ள வீட்டில், கைவசம் இருக்கும் பொருள்களைக் கொண்டு வெளிச்சத்துக்கு என்ன செய்யலாம்?

கேள்வி (குடியாத்தம் வட்டம்):
வணக்கம். கடந்த வாரம் பெய்த மழையில் எங்கள் தெருவின் மின்கம்பி அறுந்து, இரண்டு இரவுகள் மின்சாரமே இல்லாமல் இருந்தோம். எண்பதைக் கடந்த என் மாமியார் இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து கழிப்பறைக்குச் செல்வார் என்பதால், நடையில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியின் மேல் மெழுகுவர்த்தியை ஒட்டி வைத்துவிட்டுக் கண்ணயர்ந்தேன். கருகல் நெடி மூக்கில் ஏற விழித்துப் பார்த்தபோது, மெழுகு முழுவதும் உருகி, முக்காலியில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை விழுந்து, அதன் விளிம்பில் சிறு சுடர் ஓடிக்கொண்டிருந்தது. ஈரச் சாக்கைப் போட்டு அணைத்தேன். அன்றிலிருந்து மெழுகுவர்த்தியைத் தொடவே அச்சமாக இருக்கிறது. புதிதாக எதையும் வாங்காமல், இரவு முழுவதும் நம்பி வைக்கக்கூடிய வெளிச்சத்துக்கு வழி உண்டா?

பதில் 1 (பள்ளிகொண்டா):
சகோதரி, அந்த அளவோடு போனதே நிம்மதி. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் பெருகி ஓடியபோது எங்கள் தெருவிலும் மின்சாரம் இல்லை. அப்போது என் தாயார் வைத்த தண்ணீர் விளக்குதான் எங்களுக்குக் கைகொடுத்தது. அடி கனத்த எவர்சில்வர் கிண்ணத்தில் முக்கால் அளவு தண்ணீர் விட்டு, அதன் மேல் ஒரு விரற்கடைக்குக் கடலை எண்ணெயை மெதுவாக ஊற்றினால் அது மிதந்து நிற்கும். மெல்லிய கம்பியைக் கிண்ணத்தின் விளிம்பில் மாட்டி, அதன் நடுவளையத்தில் பஞ்சுத் திரியைச் செருகி, நுனி மட்டும் எண்ணெய்க்கு மேலே தெரியும்படி வைக்க வேண்டும். எண்ணெய் தீர்ந்ததும் திரி தண்ணீரை உறிஞ்சிச் சடசடத்துத் தானாக அணைந்துவிடும் என்பதால், உங்கள் முக்காலிக்கு நேர்ந்தது இதில் நேராது. திரிக்குப் பழைய பருத்தி வேட்டிக் கிழிசல் போதும். பாலியஸ்டர் கலந்த துணி எண்ணெயை இழுக்காமல் உருகி ஒழுகும். மண்ணெண்ணெயை மட்டும் இதில் ஊற்றிவிடாதீர்கள். அது ஏறத்தாழ 40 டிகிரி சூட்டிலேயே பற்றக்கூடிய ஆவியை விடும். கடலை எண்ணெய்க்கு 300 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். கார்த்திகைக்கு வாங்கிய அகல்கள் இருந்தால் அவற்றையும் ஏற்றலாம், ஆனால் புது அகலில் எண்ணெய் கசிந்து தரை வழுக்கும் என்பதால் தட்டின் மேல்தான் வைக்க வேண்டும்.

பதில் 2 (வேலூர், முதியோர் பராமரிப்புப் பணியில் இருப்பவர்):
மேலே சொன்னவர் விளக்கிய விளக்கு சமையலறை மேடைக்கு மிகவும் ஏற்றது. எனினும் தள்ளாடி நடக்கும் ஒருவரின் வழியில், புடவைத் தலைப்பு படும் உயரத்தில், எந்தச் சுடரையும் வைக்க நான் உடன்பட மாட்டேன். கொசுவலை அருகில் இருந்தால் நினைத்துப் பார்க்கவே வேண்டாம். வயதானவர்களின் கண்கள் இருளுக்குப் பழகக் கூடுதல் நேரம் எடுக்கும். கண்ணுக்கு நேரே வரும் ஒளியில் அவர்களுக்கு வாசற்படிகூடத் தெரியாமல் போகலாம். ஆகவே ஒளி தாழ்வாக, சுவரைப் பார்த்தபடி இருக்க வேண்டும்.

பதில் 3 (காட்பாடி, மின்பணியாளர்):
அவர் சொல்வதே சரி. கைப்பேசியின் டார்ச்சை மேல்நோக்கித் தரையில் படுக்க வைத்து, அதன் மேல் தண்ணீர் நிரம்பிய பாட்டிலை நிறுத்துங்கள். தண்ணீரில் சில சொட்டுப் பால் கலந்தால் பாட்டில் முழுவதும் வெண்மையாக ஒளிர்ந்து, கூசாத வெளிச்சம் நடையெங்கும் பரவும். பின்னால் ஓர் எவர்சில்வர் தாம்பாளத்தைச் சாய்த்து வைத்தால், வீணாகச் சுவரில் விழும் ஒளியும் முன்னே திரும்பும். அவசரத்துக்குப் பேச வேண்டிய கைப்பேசியை இதற்கே செலவழித்துவிடக் கூடாது என்பதால், வீட்டில் மூலையில் கிடக்கும் பழைய கைப்பேசியை மழைக்காலம் முழுவதும் மின்னேற்றி வையுங்கள். பிள்ளைகளிடம் 10,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்கும், அதில் செருகும் 1 வாட் விளக்கும் இருந்தால், 20 மணி நேரத்துக்கு மேல் எரியும். மின்சாரம் நின்றதும் தன்னுள் இருக்கும் பேட்டரியில் எரியும் இன்வெர்ட்டர் பல்பு மாட்டியிருக்கிறீர்களா? பலர் அதன் சுவிட்சை எப்போதும் அணைத்தே வைக்கிறார்கள். சுவிட்சைப் போட்டால்தான் அதில் மின்னேறும்.

கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுச் சோதித்துப் பார்த்தேன். மோர் வாங்கி வந்த வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பாவைக் கழுவிப் பழைய கைப்பேசியின் மேல் கவிழ்த்தேன். பாலும் தண்ணீரும் இல்லாமலேயே நடை முழுவதும் மெல்லிய வெளிச்சம் பரவியது. கட்டிலிலிருந்து கழிப்பறை வரை மாமியார் சுவரைப் பிடிக்காமல் நடந்து வந்தார். தண்ணீர் விளக்கைச் சமையலறை மேடையில் வைத்துக்கொண்டேன். ஆனால் இரண்டு மாதமாகச் சுவிட்ச் போட்டே இருந்த இன்வெர்ட்டர் பல்பு மட்டும் எரியவில்லை. அது பழுதாகிவிட்டதா?

பதில் 3 (காட்பாடி, மின்பணியாளர்):
பழுதில்லை, அம்மா. மின்சாரம் நின்றதும் அந்தப் பல்பு, தன் இரு முனைகளும் வெளியே வயரிங் வழியாக இணைந்திருக்கின்றனவா என்று பார்த்துத்தான் எரிகிறது. மெயினை இறக்கியபோது அந்த இணைப்பையே நீங்கள் துண்டித்துவிட்டீர்கள். தெருவில் மின்சாரம் நின்று, உங்கள் மெயின் மேலே இருந்தால் பெரும்பாலும் எரியும். ஆனால் கம்பியே அறுந்த இரவில் அதை நம்ப முடியாது. பல்புடன் ஒரு சிறு மூடி கொடுத்திருப்பார்கள். பல்பைக் கழற்றி அந்த மூடியில் பொருத்தினால் எங்கே வேண்டுமானாலும் எரியும். மூடியை ஒரு நூலில் கட்டி, அந்தச் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே ஆணியில் மாட்டி வையுங்கள்.