கிரகங்க சைஸை மாடல்ல எப்படி காட்டுறது?

அல்சூர் அம்மா:
பெங்களூர்ல இருக்கோம், பொண்ணு அஞ்சாவது, எக்ஸிபிஷனுக்கு கிரகங்க மாடல் பண்ணணுமாம், கடையில வாங்குன சார்ட்ல வியாழன் பூமியை விட ரெண்டு மடங்குதான் தெரியுது, நிஜத்துல எவ்ளோ வித்தியாசம்?

வானம்பாடி:
அந்த சார்ட்டை நம்பாதீங்க அக்கா. பூமி விட்டம் 12,756 கிமீ, வியாழன் 1,42,984, குறுக்கால 11 பூமியை வரிசையா வைக்கலாம். சமையலறையிலேயே எல்லாம் இருக்கு, பூமிக்கு 5 மில்லிமீட்டர்ல ஒரு மிளகு, வெள்ளியும் மிளகுதான், புதனுக்கு கடுகு, செவ்வாய்க்கு கொஞ்சம் பெரிய கடுகு, யுரேனஸ் நெப்டியூனுக்கு கோலிகுண்டு, சனிக்கு எலுமிச்சம்பழம், வியாழனுக்கு சின்ன சாத்துக்குடி. சனி வளையத்தை மறந்துடாதீங்க, பிள்ளைங்க முதல்ல அதைத்தான் தேடும்.

ஜெயநகர் தம்பி:
சூப்பர் ஐடியா. கன அளவுல பாத்தா வியாழனுக்குள்ள சுமார் 1,300 பூமி அடங்கும், இதையும் எழுதி வைங்க. வியாழனோட நிலா கானிமீட் புதன் கிரகத்தை விடவே பெருசு, எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் இது. ஆனா தூரத்தை அதே அளவுல காட்ட முடியாது, மிளகு சூரியன்கிட்டேருந்து 59 மீட்டர் தள்ளி இருக்கணும், நெப்டியூன் ஒன்றேமுக்கால் கிலோமீட்டர்!

அல்சூர் அம்மா:
ரொம்ப நன்றி, மிளகு டப்பாவை இப்பவே எடுத்துட்டா.