தினமும் பத்தரைக்கு ஒரு போன்: "ஐடி நம்பரைச் சொல்லுங்கோ"

உப்புவெளி மகள்

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வெள்ளவத்தையில் வேலை. அம்மா திருகோணமலை உப்புவெளியில் தனியாக இருக்கிறார், ஓய்வுபெற்ற ஆசிரியை. மூன்று கிழமையாக ஒவ்வொரு நாளும் காலை பத்தரைக்கு அவருடைய போனுக்கு ஓர் அழைப்பு வருகிறது. ஒருநாள் 011 என்று கொழும்பு நம்பர், மற்ற நாள் 077, அப்புறம் 070 என்று கைபேசி நம்பர். பெண்குரல். முதலில் சிங்களம், அம்மா திணறினால் உடைந்த தமிழ். "வங்கியிலிருந்து கதைக்கிறோம். உங்கள் பெயரில் முக்கியமான விடயம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்வதென்றால் அடையாள அட்டை இலக்கமும் பிறந்த திகதியும் வேண்டும்." என்ன விடயம் என்று கேட்டால் பதில் இல்லை. எந்தக் கிளை என்று கேட்டால் "ஹெட் ஒஃபிஸ்".

போன செவ்வாய்க்கிழமை அம்மா இலக்கத்தைக் கொடுத்துவிட்டார். "அந்தப் பிள்ளையும் சம்பளத்துக்குத்தானே கேட்கிறது, பாவம்" என்கிறார். கொடுத்த பிறகும் போன் நிற்கவில்லை. இப்போது அம்மம்மாவின் முழுப்பெயரைக் கேட்கிறார்களாம்!

நம்பரை மாற்றுங்கள் என்றால் மாட்டாராம். படிப்பித்த பிள்ளைகள் எல்லோரிடமும் அந்த நம்பர்தான் இருக்கிறதாம். நான் என்ன செய்ய?

உவர்மலையான்

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எடுக்க வேண்டாம். தெரியாத நம்பர் என்றால் அடித்து ஓயட்டும். உண்மையான அவசரம் என்றால் கடிதம் வரும், ஆள் வரும். இரண்டு வருடமாக நான் இப்படித்தான். ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை.

கொடுத்த இலக்கத்தைப் பற்றி ஒரு விடயம். அடையாள அட்டை இலக்கத்தைச் சொன்னால் பிறந்த திகதியையும் சொன்ன மாதிரித்தான். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கமும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 55532 என்று தொடங்கினால் 1955 பெப்ரவரி முதலாம் திகதி பிறந்த பெண். புதிய 12 இலக்க அட்டையில் வருடம் நான்கு இலக்கமாக வருகிறது, மற்றபடி அதே கணக்கு. அப்படியிருக்க இலக்கத்தையும் கேட்டுத் திகதியையும் கேட்பது என்ன சரிபார்ப்பு? ஒரே சாவியை இரண்டு தரம் வாங்கிப் பார்க்கிற வேலை.

ஹெட்செட்காரன்

கேட்டுவிட்டுத் திட்டுங்கள். கொழும்பில் ஒரு நிதி நிறுவனத்துக்காக நாலு வருடம் இப்படி போன் எடுத்தவன் நான். கடன் பிந்தியவர்களுக்கு.

போன் எடுக்கிறவர் யார் என்று எங்களுக்குத் தெரியாது. "உங்கள் தவணை மூன்று மாதம் கட்டவில்லை" என்று நான் எடுத்தவுடன் சொல்லி, மறுபக்கம் கேட்டது மாமியார் என்றால்? அது அந்த மனிதருடைய மானம். அதனால்தான் முதலில் ஆளைச் சரிபார்க்கச் சொல்லி விதி.

விடாமல் எடுப்பது அந்தப் பெண்ணின் பிடிவாதம் என்றும் நினைக்க வேண்டாம். நம்பரைப் போடுவது கணினி. ஆள் உறுதியாகவில்லை என்று பதிவானால் மறுநாள் அதே நம்பர் திரும்பவும் வரிசையில் வரும். பத்தரைக்கு ஒருமுறை பதில் கிடைத்தது என்றால் பிறகும் பத்தரைக்குத்தான். நீங்கள் தடுத்து வைத்தால் அது வேறு வழியால் வரும். உவர்மலை அண்ணை சொல்கிற மாதிரி எடுக்காமல் விட்டாலும் பட்டியலில் பெயர் அப்படியேதான் இருக்கும்.

தங்கச்சி, அம்மா யாருக்காவது பிணை நின்றாரா என்று முதலில் கேளுங்கள். ஆசிரியர்களிடம்தான் எல்லோரும் கையெழுத்துக்கு வருவார்கள்.

உவர்மலையான்

தம்பி, உங்கள் விதி உங்கள் கொம்பனிக்கு. என் வீட்டுப் படலையை வந்து தட்டுகிறவன் "நீ யார், அட்டையைக் காட்டு" என்று என்னிடமே கேட்டால் நான் காட்ட வேண்டுமா? தட்டியவன்தான் தன்னை முதலில் சொல்ல வேண்டும். நீங்கள் என்னைச் சரிபார்க்க ஒரு முறை வைத்திருக்கிறீர்கள். நான் உங்களைச் சரிபார்க்க என்ன முறை வைத்திருக்கிறீர்கள்?

ஹெட்செட்காரன்

ஒன்றும் இல்லை. அதை ஒத்துக்கொள்கிறேன். பெயர் கேட்டால் நாங்கள் சொல்வதே உண்மைப் பெயர் இல்லை. நான் நாலு வருடம் "ருவன்".

வெட்டிப்பேச்சு

இவ்வளவு கஷ்டம் எதற்கு? எனக்கு வந்தால் கொண்டாட்டம். "கொஞ்சம் இருங்கோ, அட்டையை எடுத்துக்கொண்டு வாறன்" என்று சொல்லிவிட்டு போனை ரேடியோவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மீன் வாங்கப் போய்விடுவேன். ஒருமுறை திரும்பி வர 17 நிமிடம். ஆள் இன்னும் லைனில்! அப்புறம் வாயில் வந்த இலக்கம் ஒன்றைச் சொன்னேன். எழுதிக்கொண்டு நன்றி சொன்னார்.

உவர்மலையான்

கெட்டித்தனம்தான். அந்த வாயில் வந்த இலக்கம் மூதூரிலோ மன்னாரிலோ ஒரு மனிதருடையதாக இருந்தால்? இலக்கம் எப்படி அமைகிறது என்று மேலே எழுதியிருக்கிறேனே. வருடமும் நாளும் பொருந்தினால் அது யாரோ ஒருவருடையதாக இருக்கவும் கூடும். அதோடு, இந்த நம்பரில் ஓர் ஆள் இருக்கிறார், கதைக்கவும் செய்கிறார் என்று நீங்களே 17 நிமிடம் நிரூபித்துக் கொடுத்திருக்கிறீர்கள்.

வெட்டிப்பேச்சு

மீன் நல்ல மீன், அண்ணை.

கிண்ணியா நானா

எல்லோரும் மோசடியா உண்மையா என்று பிடிக்கிறீர்கள். நான் பார்ப்பது வேறு. அந்த அழைப்பு முதலில் சிங்களத்தில் வந்தது என்று தங்கச்சி எழுதியிருக்கிறா. அங்கேதான் விளையாட்டு.

என் வாப்பாவுக்கு இப்படி வந்தது. மறுபக்கம் வேகமாகச் சிங்களம். வாப்பாவுக்கு சந்தைச் சிங்களம் தெரியும், வங்கிச் சிங்களம் தெரியாது. விளங்கவில்லை என்று சொல்ல வெட்கம். "ஹரி, ஹரி" (சரி, சரி) என்று சொல்லிக்கொண்டே போனார். கடைசியில் காதில் விழுந்த ஒரே தெரிந்த சொல் "ஐடி நம்பர்". அப்பாடா, இது விளங்கியது என்று அதைச் சொல்லிவிட்டார். பயத்தில் சொல்லவில்லை, ஏமாந்தும் சொல்லவில்லை. பதில் தெரிந்த கேள்வி ஒன்று வந்த சந்தோஷத்தில் சொன்னார்.

பிறகு நான் ஒரு வசனம் பழக்கிக் கொடுத்தேன். "தமிழில் கதைக்கிற ஆளைத் தாருங்கள், இல்லாவிட்டால் தமிழில் கடிதம் போடுங்கள்." அவ்வளவுதான். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி, கேட்க உரிமை இருக்கிறது. உண்மையான இடம் என்றால் ஆளை மாற்றித் தருவார்கள். மற்றவன் எரிச்சல்பட்டு வைத்துவிடுவான்.

ஹெட்செட்காரன்

நானா சொல்வது நூற்றுக்கு நூறு. எங்கள் மேசையில் தமிழ் தெரிந்தவர்கள் மூன்று பேர்தான் இருந்தோம். வடக்குக் கிழக்கு முழுவதும் எங்கள் தலையில். ஆனால் கேட்டால் மாற்றித் தருவார்கள்.

பழைய தபால்காரர்

பிள்ளைகள், நான் வயதானவன், மெதுவாகத்தான் தட்டுவேன். இந்த ஊரில் என் வயதுக்காரர் அடையாள அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வளர்ந்தவர்கள் அல்லர், வாழ்ந்தவர்கள். கடைக்குப் போனாலும் அட்டை. பஸ்ஸில் இறங்கினாலும் அட்டை. யார் கேட்டாலும் ஏன் என்று கேட்காமல் நீட்ட வேண்டும். ஏன் என்று கேட்டவர்களுக்கு என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியும். முப்பது வருடப் பழக்கம் ஒரு போன் அழைப்பில் போய்விடாது. குரலில் கொஞ்சம் அதிகாரம் இருந்தால் வாய் தானாக இலக்கத்தைச் சொல்லும். சொன்ன பிறகுதான் மூளை வரும்.

அதனால் அம்மாவிடம் "ஏன் கொடுத்தீர்கள்" என்று மட்டும் கேட்காதே மகள். அடுத்தமுறை கொடுத்தால் உன்னிடம் சொல்லமாட்டார். அதுதான் ஆபத்து.

உப்புவெளி மகள்

ஐயா, கேட்டுவிட்டேன். இரண்டு தரம் கேட்டுவிட்டேன். இன்றிரவு எடுத்துக் கதைக்கிறேன்.

உவர்மலையான்

ஐயா சொல்வதை மதிக்கிறேன். அதனால்தான் எடுக்கவே வேண்டாம் என்கிறேன். எடுத்தால் குரல் வரும், குரல் வந்தால் பழக்கம் வரும்.

சட்டம் என்று யாராவது தொடங்குவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கு 2022இல் 9ஆம் இலக்கச் சட்டம் வந்தது. விளம்பரத்துக்காகத் தொடர்புகொள்வதென்றாலும் சம்மதம் வேண்டும் என்று அதில் இருக்கிறது. முக்கியமான பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வர இருந்தன, தள்ளிப்போட்டார்கள். அதை நம்பிப் போனை எடுக்கலாமா? மழை வரும் என்று கிணற்றை மூடுகிறவன் இல்லை நான்.

ஹெட்செட்காரன்

அண்ணை, எடுக்காமல் விட்ட ஒருவரை எனக்குத் தெரியும். பிணை நின்றவர். கடன் வாங்கியவர் கட்டார் நாட்டுக்குப் போய்விட்டார். எட்டு மாதம் எங்கள் போனை எடுக்கவில்லை. கடிதம் போனது, பழைய விலாசத்துக்கு. அடுத்ததாக அவர் கேள்விப்பட்டது வழக்கு. முதல் மாதமே எடுத்திருந்தால் தவணையைப் பிரித்துக் கட்ட ஒழுங்கு செய்திருக்கலாம். எல்லா அழைப்பும் கள்ள அழைப்பு இல்லை, அதுதான் தலையிடி.

எடுங்கள், ஆனால் கொடுக்காதீர்கள். மூன்றே கேள்வி: நிறுவனம் எது, உங்கள் பெயர் என்ன, கோப்பு இலக்கம் என்ன. எழுதுங்கள். "நானே எடுக்கிறேன்" என்று சொல்லி வையுங்கள். அப்புறம் அவர்கள் தருகிற நம்பருக்கு எடுக்காதீர்கள். வங்கி அட்டையின் பின்பக்கத்திலோ சேமிப்புப் புத்தகத்திலோ அச்சடித்த நம்பருக்கு எடுங்கள், இல்லாவிட்டால் கிளைக்கே போங்கள். திரையில் 011 என்று விழுவதை வைத்து நம்பவும் வேண்டாம். வேறு நம்பர் விழ வைப்பது பெரிய வித்தை இல்லை. உண்மையான ஆள் என்றால் "வாடிக்கையாளர் தானே தொடர்புகொள்வார்" என்று பதிந்துவிடுவார், சில நாள் ஓய்வு கிடைக்கும். போனில் வந்த ஓடிபியைச் சொல்லுங்கள் என்று கேட்டால் மட்டும் ஒரு கேள்வியும் வேண்டாம், அந்த நொடியே வையுங்கள்.

உண்மையான நிறுவனமே தொல்லை கொடுத்தால் முதலில் அங்கேயே எழுத்தில் முறைப்பாடு. பதில் திருப்தி இல்லை என்றால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவு, 1935. எங்கள் மேலாளர்கள் பயந்த ஒரே நம்பர் அதுதான்.

உவர்மலையான்

எழுபது வயது மனுசி இவ்வளவையும் பத்தரை மணிக்கு ஞாபகம் வைத்திருப்பாரா? எடுக்காமல் இருக்க ஞாபகம் தேவையில்லை.

கிண்ணியா நானா

டீச்சரம்மா தானே, ஒரு தாளில் எழுதிப் போனுக்குப் பக்கத்தில் ஒட்டினால் போச்சு. வாப்பாவுக்கும் அப்படித்தான். மாவு டப்பாவில் ஒட்டியிருக்கிறது.

உப்புவெளி மகள்

ஐந்து நாளாகிவிட்டது, நடந்ததைச் சொல்கிறேன்.

பிணை நின்றிருக்கிறார். 2016இல் மச்சாளின் மகனுடைய ஓட்டோவுக்கு. எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அது கட்டி முடிந்து, முடிந்த கடிதமும் அலுமாரியில் இருக்கிறது. சனிக்கிழமை வந்து அம்மாவை வங்கிக் கிளைக்குக் கூட்டிப் போனேன். அவர் பெயரில் எந்த விடயமும் இல்லை, தாங்கள் யாரும் போன் எடுக்கவும் இல்லை என்றார்கள். இலக்கம் வெளியே போனதைச் சொன்னோம். கணக்கில் குறிப்புப் போட்டு, இரகசியக் கேள்வியையும் மாற்றிக் கொடுத்தார்கள். அம்மம்மாவின் பெயர் இனி எதற்கும் உதவாது.

திங்கட்கிழமை பத்தரைக்கு அம்மா தாளை வைத்துக்கொண்டு எடுத்திருக்கிறார். நிறுவனம், பெயர், கோப்பு இலக்கம். வகுப்பில் கேட்கிற குரலில் கேட்டிருப்பார், எனக்குத் தெரியும். மறுபக்கம் "ஒத்துழைக்காவிட்டால் இன்றே கணக்கை முடக்குவோம்" என்று சொல்லி வைத்துவிட்டது. கணக்கு முடங்கவில்லை.

உவர்மலையான்

நான் முதலிலேயே சொன்னேனே, கள்ளர்.

ஹெட்செட்காரன்

எடுத்துக் கேட்டதால்தானே அண்ணை கள்ளர் என்று தெரிந்தது?

உவர்மலையான்

எடுக்காமலே எனக்குத் தெரிந்தது.

பழைய தபால்காரர்

சரி, இப்போது போன் நின்றுவிட்டதா மகள்?

உப்புவெளி மகள்

நேற்றும் பத்தரைக்கு மணி அடித்தது ஐயா. தெரியாத நம்பர். அம்மா எடுத்து, "எந்த நிறுவனம்? முழுப்பெயர்? கோப்பு இலக்கம்?" என்று கேட்டிருக்கிறார். அது தம்பலகாமத்துச் சித்தி, புது சிம் போட்டு முதல் அழைப்பு. சித்தி வைத்துவிட்டார். இப்போது அம்மா எடுத்தால் சித்தி எடுக்கிறார் இல்லை.