சர்ச் ஆராதனையில் பாப்பா உட்கார மாட்டேங்குது

கேள்வி (ஈரோடு): 4 வயசுப் பாப்பாங்க. பாட்டு வரைக்கும் சரி, பிரசங்கம் ஆரம்பிச்சா நெளியுது. என்ன பண்ணலாமுங்க?

பதில் (கோபி): பின் பெஞ்சை விடுங்க. அங்கே ஆளுங்க முதுகுதான் தெரியும், குழந்தை நெளியாம என்ன பண்ணும்? ரெண்டாவது வரிசை, நடைபாதை ஓரம் உட்காருங்க. ஆயர், பாடகர் குழு எல்லாம் கண்ணுல படும். பிரசங்கத்துக்கு ஒரு தாள், கிரேயான். ‘இயேசு’ன்னு காதுல விழறப்பெல்லாம் ஒரு கோடு போடச் சொல்லுங்க. காணிக்கைக் காசை முன்னாடியே கொடுத்தா உருட்டிடும். பை வரும்போது கொடுங்க. முறுக்கு சத்தம் போடும், உலர்திராட்சை போதும். போன் கூடவே கூடாது, திருப்பி வாங்கறப்ப அழுகை பெருசாகும்.

பதில் (பொள்ளாச்சி): அதெல்லாம் சரிங்க, வீட்டு ஜெபம் இல்லாம இது நிக்காது. ராத்திரி 5 நிமிஷம், சாப்பாட்டுக்கு முன்னாடி, அப்புறம்னா தூங்கிடும். பைபிள்ல 23-ம் சங்கீதம் 6 வசனந்தான், வாரத்துக்கு ஒண்ணு சொல்லிக் கொடுங்க. சேட்டைக்குத் தண்டனையா ஜெபம் பண்ணச் சொல்லாதீங்க.

கேட்டவர்: அழுதா வெளிய தூக்கிட்டுப் போலாங்களா?

பதில் (கோபி): போலாங்க. வாசல்ல விளையாட விட்டா, அழுதா விளையாட்டுன்னு கத்துக்கும். அழுகை நின்னதும் உள்ளே வந்துருங்க.