வண்டியின் இரண்டாம் பேட்டரிக்கு மின்னேற்றுதல்: சொல் வேண்டும்

மடல் 1 — தொழிற்பயிற்சி ஆசிரியர்

அன்புடையீர், வணக்கம்.

நடமாடும் மருத்துவ ஊர்திகளில் பொருத்தப்படும் இரண்டாம் பேட்டரியைப் பற்றி என் மாணவர்களுக்காக எட்டுப் பக்கக் குறிப்பொன்றைத் தமிழில் எழுதி வருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் அச்சுக்குக் கொடுக்க வேண்டும். மூன்று சொற்களில் முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

ஊர்தி ஊர் மந்தையில் நாள் முழுவதும் நிற்கும், எஞ்சின் ஓடாது. மருந்துக் குளிர்பெட்டியும் விளக்குகளும் முதல் பேட்டரியிலிருந்தே மின்சாரம் எடுத்தால் மாலையில் செல்ஃப் எடுக்காது. ஆகவே அவற்றுக்கென்று தனி பேட்டரி வைத்து, எஞ்சின் ஓடும்போது, எஞ்சினால் சுழன்று மின்சாரம் தரும் அதே ஆல்டர்னேட்டரால் அதற்கும் சார்ஜ் ஏற்றுகிறோம். எஞ்சின் நின்றதும் இரண்டையும் பிரித்துவிட வேண்டும். அதைச் செய்வது மின்னழுத்தத்தை உணர்ந்து தானே இயங்கும் ஒரு ரிலே, அதாவது மின்சுவிட்ச். வழக்கமான 12 வோல்ட் அமைப்பில், முதல் பேட்டரியின் முனைகளில் ஏறத்தாழ 13.3 வோல்ட் வந்ததும் இரண்டையும் இணைக்கும்; 12.8 வோல்ட்டுக்கு இறங்கினால் துண்டிக்கும். அந்த இரண்டாம் பேட்டரி, அந்த ரிலே, 'ஸ்பிளிட் சார்ஜிங்' எனப்படும் அம்முறை ஆகிய மூன்றுக்கும் பெயர் வேண்டும்.

'துணை மின்கலம்' என்று கரும்பலகையில் எழுதினேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்து, "மறுபடியும் சார்ஜ் ஏற்றக்கூடிய எல்லாவற்றையும் பள்ளியில் துணை மின்கலம் என்றுதானே படித்தோம் ஐயா, அப்படியானால் முதல் பேட்டரியும் துணை மின்கலம்தானே?" என்று கேட்டார். அவர் கேட்டது சரி. பலகையை அழித்துவிட்டேன்.

மடல் 2 — ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இந்தத் தேவை நமக்குப் புதிதன்று. புறநானூற்றின் 102ஆம் பாடலில், அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடும் ஔவையார், பாரம் மிகுந்த வண்டியை மேடு பள்ளங்களில் ஓட்டிச் செல்லும் உப்பு வணிகர் முன்னெச்சரிக்கையாகக் கட்டிவைத்த மாற்று அச்சினை 'கீழ்மரத்து யாத்த சேமஅச் சன்ன' என்கிறார். வண்டி, அதன் அடியில் கட்டிய இரண்டாவது உறுப்பு, வழியில் நின்றுவிடக் கூடாதே என்ற கவலை ஆகிய மூன்றும் அங்கே உள்ளன. ஆகவே 'சேமக்கலம்' என்க.

சேமம் வடசொல் என்று இம்மடற்குழுவில் சிலர் உடனே எழுதுவார்கள் என்பதை அறிவேன். காவல் என்னும் பொருளில் ஏமம் நம்மிடம் இருக்கிறது. சேமித்தல் என்னும் வினையும் வழங்குகிறது. ஏமமும் சேமமும் ஓரினம் என்றே நான் கருதுகிறேன். உடன்படாதவர்கள் 'ஏமக்கலம்' என்று கொள்ளட்டும். ஆனால் பேட்டரி என்ற சொல்லைப் பாடக்குறிப்பில் ஏற்றுவதை நான் ஒப்பமாட்டேன். 'துணைப் பேட்டரி' என்று ஒற்று மிகுத்து எழுதினால், ப் என்னும் வல்லொற்றை அடுத்து வரும் பகரம் வல்லோசையாகவே ஒலிக்க வேண்டும். வாயோ அதை மெலித்து ஒலிக்கிறது. ஒற்றின்றி எழுதினால் புணர்ச்சி கெடுகிறது. இரண்டில் எதைச் செய்தாலும் தமிழ் எழுத்துமுறை அச்சொல்லைத் தாங்கவில்லை.

மடல் 3 — யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் ஆசிரியை

வணக்கம். எங்கள் பாடநூல்களில் தனிக்கலம் மின்கலம் என்றும், பல கலங்கள் சேர்ந்தது மின்கலவடுக்கு என்றும் வழங்கும். 12 வோல்ட் ஈய அமில பேட்டரிக்குள் ஆறு கலங்கள் இருப்பதால் அதை மின்கலம் என்பதே முதற்பிழை. 'துணை மின்கலவடுக்கு' என்று எழுதினால் அந்த மாணவனின் கேள்வி எழவே எழாது. ஆனால் சார்ஜ் ஏற்றுதலை மின்னேற்றம் என்று எழுதுவதானால் கவனியுங்கள்: உங்கள் பக்கத்தில் மின்னூட்டம் என்று கூலோமில் அளக்கும் கணியத்தை நாங்கள் மின்னேற்றம் என்கிறோம். எங்கள் மாணவர் உங்கள் குறிப்பை வாசித்தால் பொருள் மாறிப்போகும்.

மடல் 4 — தொழிற்பயிற்சி ஆசிரியர்

ஐயா, அம்மா, இருவருக்கும் நன்றி.

சேமஅச்சு என் நெஞ்சைத் தொட்டது. ஆயினும் இரண்டு தடைகள் உள்ளன. சேமக்கலம் என்பது கோயிலிலும் இறுதி ஊர்வலத்திலும் அடிக்கும் சேகண்டிக்கு வழங்கும் பெயர். மருத்துவ ஊர்திக்குள் அந்தப் பெயரை நான் வைக்க மாட்டேன். அதைவிடப் பெரிய தடை பொருளில் இருக்கிறது. உப்பு வணிகரான உமணரின் இரண்டாம் அச்சு, முதல் அச்சு முறியும்வரை சும்மா கிடப்பது. இந்தப் பேட்டரியோ நாள்தோறும் உழைப்பது. முதல் பேட்டரி சில நொடிகள் பெரும் மின்னோட்டத்தைக் கொடுத்துவிட்டு ஓய்கிறது. அதற்கேற்ப அதன் தகடுகள் மெல்லியவை, எண்ணிக்கையில் மிகுந்தவை. இரண்டாவது, குறைந்த மின்னோட்டத்தை மணிக்கணக்கில் கொடுப்பதால் அதன் தகடுகள் தடித்தவை. இதனை மாற்று உறுப்பு என்று எண்ணும் மாணவர், முதலாவது பழுதானால் இதைக் கழற்றி அங்கே மாட்டுவார். இலக்கணத்தில் துணைவினை முதல்வினையின் இடத்தில் வந்து நிற்பதில்லை. தன் வேலையைச் செய்து உடன் நிற்கிறது. அந்தப் பொருளில் 'துணை'யே பொருத்தம்.

மின்கலவடுக்கு பிழையற்ற சொல். ஆனால் என் மாணவர்கள் நாளை வேலைக்குப் போகும் பட்டறையில் அதை யாரும் சொல்லப்போவதில்லை. ஆதலால் 'துணைப் பேட்டரி' என்று எழுதத் துணிகிறேன். திசைச்சொல்லையும் செய்யுளுக்குரிய சொற்களில் ஒன்றாக வைத்தவர் தொல்காப்பியர். ஐயா சுட்டிய ஒலிக்குறை உண்மை. அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

ரிலேக்கு வருகிறேன். நான் கண்மாய்ப் பாசன ஊரில் வளர்ந்தவன். மேல்கண்மாயில் தண்ணீர் ஒரு மட்டத்துக்கு நிறையும்வரை கீழ்க்கண்மாய்க்கு ஒரு சொட்டும் போகாது. நிறைந்ததும் கலுங்கு என்னும் கல் வடிகால் வழியாக மிகுநீர் வழிந்தோடும்; அதை மறுகால் பாய்தல் என்போம். மட்டம் இறங்கினால் நின்றுவிடும். சிறுவயதில் மழைக்காலக் காலைகளில் கலுங்குக் கல்லின் மேல் விரலை வைத்துப் பார்ப்போம். கல் நனைந்திருந்தால் கீழூருக்கு ஓடிப்போய்ச் செய்தி சொல்வோம். மட்டத்துக்கு மின்னழுத்தத்தை வைத்தால் இந்த ரிலே செய்யும் வேலையும் அதுவே. ரிலேயைக் 'கலுங்கு' என்றும், முறையை 'மறுகால் மின்னேற்றம்' என்றும் வைக்கலாமா?

உவமை இன்னும் நீள்கிறது. எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தத்தைத் தேவைக்கேற்பத் தாழ்த்தும் புது வண்டிகளில் மட்டம் பல வேளைகளில் 13.3ஐத் தொடுவதே இல்லை; கலுங்கு திறப்பதில்லை. அங்கே, தாழ்ந்த மின்னழுத்தத்தை வாங்கி 14.4 வோல்ட்டுக்கு உயர்த்திக் கொடுக்கும் கருவி ஒன்றை இடையில் வைக்கிறோம். தாழ்ந்த நீரை மேட்டுக்கு இறைப்பதற்கு நம்மிடம் ஏற்றம் என்ற பெயர் இருக்கிறது. மின்னேற்றம் என்ற சொல்லுக்குள்ளேயே அந்த ஏற்றம் இருக்கிறதே.

மடல் 5 — செங்கல்பட்டுப் பக்கத்து மின்பொறியாளர்

ஆசிரியர் அவர்களுக்கு,

உவமை அழகாக இருப்பதாலேயே அஞ்சுகிறேன். கலுங்கில் நீர் ஒரு திசையில்தான் பாயும்; கீழ்க்கண்மாயிலிருந்து மேலே ஏறி வராது. ரிலே மூடி இரண்டையும் இணைத்தபின் அது வெறும் கம்பி. எந்தப் பக்கம் அழுத்தம் மிகுதியோ அங்கிருந்து மின்னோட்டம் பாயும். ரிலே இணைந்திருக்கும்போது செல்ஃபைத் திருகினால், துணைப் பேட்டரியிலிருந்தும் ஒரு பங்கு மின்னோட்டம் அதே கம்பி வழியே முதல் பேட்டரிப் பக்கம் பின்னோக்கிப் பாயும். கம்பியின் தடிமனையும், இரு பேட்டரிகளுக்கும் அருகிலேயே ஒவ்வொரு ஃபியூஸ் வைக்க வேண்டும் என்பதையும் இதனால்தான் வலியுறுத்துகிறோம். கலுங்கு என்று படித்த மாணவர், துணைப் பேட்டரிப் பக்கத்தில் ஃபியூஸ் எதற்கு என்று விட்டுவிடுவார். ஒருவழிப் பாய்ச்சலுக்குக் கலுங்கு என்று பெயர் வைப்பதானால் டயோடுக்குத்தான் வைக்க வேண்டும், அதிலோ 0.7 வோல்ட் அளவுக்கு இழப்பு உண்டு.

மேலும், எங்கள் பக்கத்தில் மிகுநீர் வழிவதை ஏரி கோடி போகிறது என்போம். மறுகால் என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு விளங்காது. 'பகிர்மின்னேற்றம்', 'இணைப்பு ரிலே' என்று நேராக எழுதிவிடுங்கள்.

மடல் 6 — தொழிற்பயிற்சி ஆசிரியர்

ஃபியூஸைப் பற்றிய எச்சரிக்கை என்னைக் கட்டுப்படுத்துகிறது. கருவியின் பெயரே ஆபத்தை மறைக்குமானால் அந்தப் பெயர் வேண்டாம். தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பான்மை பொறியாளரின் பக்கம் இருக்கிறது. துணைப் பேட்டரி, இணைப்பு ரிலே, பகிர்மின்னேற்றம் என்றே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். பகிர்தல் என்றால் ஒன்றை இரண்டு கூறாக்குதல். இங்கே அப்படி எதுவும் கூறாவதில்லை என்பதால் அச்சொல்லில் எனக்கு இன்னும் நிறைவில்லை. இணைப்பு ரிலே எப்போது இணைக்கும், எப்போது துண்டிக்கும் என்று விளக்கும் பத்தியில் கண்மாயும் கலுங்கும் இருக்கின்றன. அதற்கடுத்த வரியில், கலுங்கைப் போலன்றி மின்னோட்டம் இங்கே திரும்பியும் பாயும் என்று தடித்த எழுத்தில் சேர்த்திருக்கிறேன்.

மடல் 7 — ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்

துணைப் பேட்டரிக்கு என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். சேகண்டி பற்றிய தடையை ஏற்றுக்கொள்கிறேன். அடுத்த பதிப்பு எப்போது வரும் என்று தெரிவியுங்கள். அதற்குள் ஏமக்கலத்தைப் பற்றி விரிவாக எழுதுகிறேன்.