பிள்ளைகள் கையில் காசைக் கொடுத்துப் புத்தகத் திருவிழாவுக்குப் போன கதைகள்

மதுரை தமுக்கம் புத்தகத் திருவிழாவுக்குப் பிள்ளைகளோடு போய்வந்தவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்களேன். எந்த எழுத்தாளரிடம் பேசினீர்கள், பிள்ளைகள் என்ன வாங்கினார்கள், எது பிடித்தது, எது பிடிக்கவில்லை, எதுவானாலும் சரி. நானே ஆரம்பிக்கிறேன்.

எங்கள் வீடு திருநகரில். மகள் நாலாம் வகுப்பு. கிளம்பும்போதே அவள் கையில் 300 ரூபாயைக் கொடுத்து, "இது உன் காசு. உனக்குப் பிடித்ததை நீயே பார்த்து வாங்கு, அம்மா குறுக்கே வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். கூட வந்த என் மாமியாருக்கு இதில் உடன்பாடில்லை. "சின்னப் பிள்ளை கையில காசக் குடுத்தா ஸ்டிக்கரும் பென்சிலும்தான் வாங்கிட்டு வரும்" என்றார். நான் ஒன்றும் பேசவில்லை.

ஸ்டிக்கர் கடையை அவள் பார்க்காமல் இல்லை. நின்று, தொட்டு, விலை கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டாள். காசு நம்முடையது என்றால் பிள்ளைகளுக்குக் கணக்கு தானாக வந்துவிடுகிறது. நாலைந்து அரங்கு தாண்டியதும் ஓர் இடத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். என்ன புத்தகம் என்று எட்டிப் பார்த்தால் பாம்புகள். அட்டையில் படமெடுத்து நிற்கிற நல்ல பாம்பு. மாமியாருக்கு மூச்சே நின்றுவிட்டது. "விளக்கு வைக்கிற வீட்டுக்குள்ள இதயா கொண்டு போறது?" என்றார்.

அந்தப் புத்தகத்தை எழுதியவர் அன்று அதே அரங்கில் இருந்தார். பெயரைச் சொல்லாமல் விடுகிறேன், விளம்பரம் மாதிரி ஆகிவிடும். மாமியார் சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது. எழுந்து தன் நாற்காலியை மாமியாருக்குப் போட்டுவிட்டு, "நீங்க எந்த ஊரும்மா?" என்று கேட்டார். அலங்காநல்லூர் பக்கம் என்றதும், "அப்ப நீங்க நெறய பாம்பு பாத்திருப்பீங்களே" என்று அப்படியே பேச்சு வளர்ந்தது. வயலில் எலி பிடிக்கிற சாரை, கிணற்றடியில் தண்ணீர்ப் பாம்பு என்று மாமியார் அடுக்கிக்கொண்டே போனார். கடைசியில் ரொம்ப நாள் மனதில் வைத்திருந்ததைக் கேட்டார். "இந்தக் கொம்பேறி மூக்கன் கடிச்சிட்டு, சுடுகாட்டு மரத்துல ஏறி நின்னு பொணம் எரியிற பொகையப் பாக்குமாமே, நெசமா தம்பி?"

அவர் சிரிக்கவில்லை. மகள் கையில் இருந்த புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். "இதாம்மா கொம்பேறி மூக்கன். இதால நமக்கு ஒரு ஆபத்தும் கிடையாது. மரத்துலயே இருந்து ஓணான், தவளையப் பிடிச்சுத் திங்கும். வெரட்டுனா மேல ஏறித் தப்பிக்கப் பாக்கும். ஏறிட்டுத் திரும்பிப் பாக்குறத வச்சு நம்ம ஆளுங்க கதை கட்டிட்டாங்க" என்றார். அப்புறம் மகளிடம் திரும்பி, நம் ஊரில் உயிருக்கு ஆபத்தான பாம்புக்கடியில் பெரும்பாலானவை நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் இந்த நாலால்தான் என்றும், கடித்தால் கட்டுப்போடுவது, கீறிவிடுவது எதுவும் செய்யாமல் நேரே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்றும் சொன்னார். இதை ஒரு பள்ளிக்கூடப் பாடத்தில் படித்திருந்தால் என் மகள் மறந்திருப்பாள். இப்போது தெருவில் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். புத்தகம் வீட்டுக்கு வந்தது. மாமியார்தான் அதற்கு அட்டை போட்டார்.

பிள்ளைகளை அவர்கள் விருப்பத்துக்கு விட்டால் கண்டதையும் வாங்குவார்கள் என்பதை நான் நம்பவில்லை. மற்றவர்கள் சொல்லுங்கள்.

* * *

அக்கா, நான் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவன். ஒரு பதிப்பகத்துக்காக ஊர் ஊராகப் போய் அரங்கு போடுவதுதான் வேலை. மதுரைத் திருவிழா 2006-இல் தொடங்கியது. 2019 வரைக்கும் தமுக்கம் மைதானத்தில் கொட்டகை போட்டுத்தான் நடந்தது. ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் என்பதால் சாயங்காலம் இருட்டிக்கொண்டு வந்தாலே தார்ப்பாயைத் தேடுவோம். கொரோனாவுக்கு அப்புறம் 2022-இல் புதிதாகக் கட்டிய மாநாட்டு மையத்துக்குள் வந்துவிட்டோம். மழைப் பயம் போயிற்று.

நீங்கள் சொன்ன விஷயத்தை நான் தினமும் பார்க்கிறேன். சனி, ஞாயிறு சாயங்காலக் கூட்டத்தில் பிள்ளை ஒரு பேய்க் கதையை எடுக்கும். அப்பா அதை வாங்கி அடுக்கில் வைத்துவிட்டு, "பொது அறிவு எடு, வினாடி வினா எடு" என்பார். பிள்ளை அதற்குப் பிறகு எதையும் தொடாது. கையைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே போகும். போட்டித் தேர்வுப் புத்தகம் விற்றால் எங்களுக்கும் வியாபாரம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும்.

வார நாள் காலையில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் வரும்போது கதையே வேறு. முன்னால் போகிற பிள்ளையின் சட்டையைப் பிடித்துக்கொண்டு வரிசையாக வருவார்கள். "அண்ணே, பத்து ரூவாய்க்கு என்ன புக்கு இருக்கு?" இதுதான் முதல் கேள்வி. அவர்களுக்காகவே 10, 20, 30 ரூபாய்ப் புத்தகங்களைத் தனியாக ஒரு பெட்டியில் போட்டு, அவர்கள் உயரத்துக்கு முன்னால் வைத்துவிடுவோம். பெரியவர்கள் குனிந்து பார்க்க வேண்டியிருக்கும், பரவாயில்லை.

ஒரு பையன் உண்டியலோடு வந்தான். பள்ளிக்கூடத்தில் புத்தகத்துக்கென்று சேர்க்கச் சொல்லிக் கொடுத்த உண்டியல். எங்கள் மேசையிலேயே உடைத்தான். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், அஞ்சு ரூபாய், எல்லாம் மேசையில் உருண்டது. நானும் பக்கத்து அரங்குத் தம்பியும் சேர்ந்து அடுக்கி எண்ணினோம். புத்தகத்தின் விலை 120. பத்து சதவீதக் கழிவு போக 108. அவனிடம் 111 இருந்தது. கழிவு என்றால் என்ன என்று அவனுக்கு அதுவரைக்கும் தெரியாது. மீதி மூன்று ரூபாயைக் கொடுத்தபோது "எதுக்குண்ணே?" என்று கேட்டான். விளக்கிச் சொன்னதும், பக்கத்தில் நின்ற நாலு பிள்ளைகளும் தங்கள் புத்தகத்தைத் திருப்பி விலை பார்த்துக் கழித்துக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

சில்லறை கொண்டுவருகிற பிள்ளைகள் தயங்கவே வேண்டாம். மற்றவர்களுக்கு மீதி கொடுக்க எங்களுக்கு அதுதான் உதவுகிறது.

* * *

நான் சோழவந்தான் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியை. பெற்றோர்கள் சேர்ந்து வேன் பிடித்துக் கொடுத்ததால் ஆறு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனோம்.

எங்கள் பிள்ளைகளுக்குக் கதைப் புத்தகம் என்றால் அரசுப் பள்ளிகளுக்கான வாசிப்பு இயக்கத்தில் வந்த மெல்லிய புத்தகங்கள்தான் முதலில் நினைவுக்கு வரும். நுழை, நட, ஓடு, பற என்று நாலு நிலையாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்களே, அவைதான். அவற்றை மாற்றி மாற்றிப் படித்துப் பழகியதால், காசையும் அதே மாதிரி செலவழிக்கலாம் என்று அவர்களே வேனில் பேசி முடிவெடுத்துவிட்டார்கள். ஒரே புத்தகத்தை இரண்டு பேர் வாங்கக் கூடாது, படித்ததும் மாற்றிக்கொள்ள வேண்டும், வருஷக் கடைசியில் அவரவர் புத்தகம் அவரவருக்கு. ஆளுக்கு 50 ரூபாய் கொண்டுவந்த வகுப்புக்கு இப்போது அலமாரியில் ஒரு தட்டு நிறையப் புத்தகம். இன்னும் தட்டுத்தடுமாறிப் படிக்கிற ஒரு பெண், வரைபடங்கள் நிறைந்த பழைய கெட்டிப் புத்தகம் ஒன்றை எடுத்தாள். "டீச்சர், இத என்னால படிக்க முடியாது, ஆனா பிடிச்சிருக்கு" என்றாள். வாங்கிக்கொள் என்றேன்.

முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. மதியம் சிறுவர் அரங்கில் ஓர் எழுத்தாளர் பிள்ளைகளோடு பேசினார். கிராமத்துக் கதை ஒன்றை வாசித்துக் காட்டிவிட்டு, கேள்வி கேளுங்கள் என்றார். வழக்கமாக "உங்களுக்குப் பிடித்த நிறம் என்ன" மாதிரிதான் வரும். எங்கள் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்தான். தாத்தாவோடு கொடிக்காலுக்கு, அதாவது வெற்றிலைத் தோட்டத்துக்குப் போய்வருகிறவன். "சார், உங்க கதையில வெத்தலக் கொடி பந்தல்ல படர்ந்திருக்குன்னு வருது. எங்க ஊர்ல பந்தல் போட மாட்டாங்க. அகத்தியிலதான் ஏத்துவாங்க."

அரங்கமே ஒரு நிமிஷம் கப்சிப்பென்று ஆனது. எனக்கும் கொஞ்சம் படபடப்புதான். அவர் மேடையை விட்டு இறங்கி வந்து, அவன் பக்கத்தில் விரிப்பிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். "எனக்குத் தெரியாது தம்பி. முதல்ல இருந்து சொல்லு" என்றார்.

அவன் சொன்னான். முதலில் வாய்க்கால் வெட்டி அகத்தி விதையைப் போடுவார்கள். அகத்தி எழும்பி நின்ற பிறகுதான் வெற்றிலைக் கொடியை நடுவது. கொடி ஏற ஏறக் கோரையால் அகத்தியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டே வர வேண்டும், இறுக்கிக் கட்டினால் கொடி நைந்துவிடும். கைக்கு எட்டாத உயரம் போனால் கொடியை இறக்கிச் சுருட்டி மண்ணில் பதித்து மறுபடி ஏற்ற வேண்டும். அகத்திக் கீரை ஆட்டுக்கு. கொடிக்காலுக்குள் செருப்புப் போட்டுப் போகக் கூடாது, தாத்தா திட்டுவார். கோரையில் எப்படி முடிச்சுப் போடுவது என்று அவர் கேட்க, தன் அடையாள அட்டைக் கயிற்றைக் கழற்றி அவர் பேனாவில் கட்டிக் காட்டினான். அவர் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டார். அடுத்த பதிப்பில் மாற்றிவிடுவதாகச் சொன்னார்.

நிகழ்ச்சிக்குக் கொடுத்த நேரம் அதிலேயே முடிந்துவிட்டது. ஒரு குறையும் இல்லை. எங்கள் பள்ளியின் கையெழுத்துப் பத்திரிகையில் அடுத்த இதழுக்குக் கொடிக்காலைப் பற்றி அவனே எழுதியிருக்கிறான். படமும் அவன் வரைந்ததுதான். எழுத்துப்பிழைகளை மட்டும் திருத்தினேன், வாக்கியத்தில் கை வைக்கவில்லை.

* * *

டீச்சரம்மா எழுதியதைப் படித்துவிட்டு எழுதுகிறேன். எனக்குச் சிம்மக்கல். பேரன் பேத்திகளைத் தமுக்கத்துக்குக் கூட்டிப் போகிற வேலை என்னுடையது.

நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது கதைப் புத்தகம் என்றால் புதுமண்டபம்தான். தூணுக்குத் தூண் கடை. பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களை அங்கேதான் நின்று புரட்டுவோம். சொந்தக் காசில் வாங்குவது எப்போதாவது நடப்பது. மற்றபடி நூலகம். மதுரையில் ஒரு கூட்டத்துக்காகத் திருக்குறளும் கம்பராமாயணமும் கேட்டபோது உடனே கிடைக்கவில்லை என்ற வருத்தத்தில்தான் பாண்டித்துரைத் தேவர் 1901-இல் இங்கே தமிழ்ச் சங்கத்தை நிறுவினார் என்று சொல்வார்கள். அதே ஊரில் ஒரு பிள்ளை தனக்கு வேண்டிய புத்தகத்தை நூறு கடைகளில் தேடி எடுக்கிறது. எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது.

ஒரு யோசனை. எந்த ஊர்ப் புத்தகத் திருவிழா மேடையானாலும், பிள்ளைகளை முதலில் பேச விடுங்கள். வரவேற்புரை, வாழ்த்துரை, பொன்னாடை எல்லாம் முடிந்து எழுத்தாளர் மைக்கைப் பிடிக்கும்போது பிள்ளைகள் மடியில் தூங்கிவிடுகிறார்கள்.

தாத்தா பாட்டிகளுக்கு இன்னொன்று. கூட்டத்தில் கால் வலித்தால் பக்கத்திலேயே காந்தி அருங்காட்சியகம் இருக்கிறது. ராணி மங்கம்மாள் அரண்மனையாக இருந்த கட்டடம், 1959-இல் நேரு திறந்து வைத்தது. மர நிழலில் உட்கார்ந்துகொண்டு, வாங்கிய புத்தகத்தை அங்கேயே பிரிக்கலாம். நாங்கள் அப்படித்தான் செய்வோம்.

* * *

எல்லோருக்கும் வணக்கம். நான் மேலூர். எங்கள் பாப்பாவுக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை. இவ்வளவு சின்னப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகலாமா? வீட்டில் வேண்டாம் என்கிறார்கள். திருவிழா இல்லாத நாட்களில் எங்கே கூட்டிப் போவது?

* * *

தாராளமாகக் கூட்டிட்டு வாங்கண்ணே. சனி, ஞாயிறு சாயங்காலத்தை மட்டும் விட்டுவிடுங்கள், நடக்கவே இடம் இருக்காது. வார நாள் மதியம் 2 மணிக்கு மேல், பள்ளிப் பிள்ளைகள் கிளம்பிய பிறகு வந்தால் அரங்குகளுக்கு நடுவே பாப்பா ஓடவே செய்யலாம். கெட்டி அட்டையில் படங்கள் மட்டும் இருக்கிற புத்தகங்களைக் கேளுங்கள், கடித்தாலும் ஒன்றும் ஆகாது. விலை கொஞ்சம் கூட இருக்கும், அந்த அட்டைக்கும் வண்ண அச்சுக்கும் ஆகிற செலவு அப்படி. இரண்டு மூன்றைக் கீழே பரப்பி வைத்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். பாப்பா எதை இழுக்கிறதோ அதை வாங்குங்கள்.

மற்ற நாட்களுக்குப் புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, 2023 ஜூலையில் திறந்தது. அங்கே சிறுவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. மேலூரிலிருந்து மாட்டுத்தாவணி வந்து இறங்கினால் அங்கிருந்து ஆட்டோவிலேயே போய்விடலாம். பாப்பாவுக்கு ஒரு மாற்றுச் சட்டையும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள்.