ஆறாவது வாரத்தில் கணைக்கால் வலி: ஓடலாமா, நிறுத்தலாமா?

தெம்பனிஸ்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். வயது 36. ஆகஸ்ட் கடைசியில்தான் ஓடத் தொடங்கினேன். பிடோக் நீர்த்தேக்கத்தை ஒரு சுற்று, வாரம் மூன்று நாள். ஒரு சுற்று 4.3 கிலோமீட்டர். மூன்று வாரம் நன்றாகப் போனது. அப்புறம் அலுவலக நண்பர்களோடு டிசம்பர் அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தேன். அந்த உற்சாகத்தில் வாரம் ஐந்து நாள், தினமும் இரண்டு சுற்று என்று ஏற்றிவிட்டேன்.

இப்போது வலது கணைக்காலின் உள்பக்கம், கணுக்காலுக்குச் சற்று மேலே தொடங்கி வலிக்கிறது. ஓட ஆரம்பிக்கும்போது இருக்கும், உடம்பு சூடானதும் மறையும், வீட்டுக்கு வந்து குளித்து உட்கார்ந்தால் திரும்பிவிடும். காலையில் கட்டிலைவிட்டு இறங்கி வைக்கிற முதல் நாலு அடி சுருக்கென்கிறது. புது ஷூ வாங்கினேன், தைலம் தேய்க்கிறேன், ஐஸ் வைக்கிறேன். போட்டிக்கு எட்டு வாரம்கூட இல்லை. என்ன செய்யலாம்?

மெக்ரிட்சி அக்கா:

தம்பி, ஷூவும் தைலமும் இருக்கட்டும். முதலில் உங்கள் கட்டைவிரலுக்கு ஒரு வேலை இருக்கிறது.

நாற்காலியில் உட்கார்ந்து வலது காலை இடது தொடைமேல் போடுங்கள். கணைக்கால் எலும்பின் உள்விளிம்பு, கத்தியின் முதுகு மாதிரி கைக்குத் தட்டுப்படும். சதையும் எலும்பும் சேருகிற அந்த ஓரத்தைக் கணுக்காலிலிருந்து மேல்நோக்கி விரல்கடை விரல்கடையாக அழுத்திக்கொண்டே போங்கள். ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் நீளவாக்கில் வலி பரவியிருந்தால் பெரும்பாலும் ஷின் ஸ்ப்ளின்ட்ஸ்தான், அதாவது ஓட்டச் சுமையால் கணைக்கால் எலும்பின் ஓரத்தில் வருகிற வலி. ஒரே இடத்தில், இருபது காசு அளவில், தொட்டாலே துள்ள வைத்தால் அது வேறு கதை. ராத்திரி படுத்திருக்கும்போதும் வலிக்கிறதா? அந்தக் காலில் நொண்டியடிக்க முடியவில்லையா? அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். எலும்பில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கலாம்.

எனக்கு 2017இல் நடந்தது அதுதான். வலி நீளமாக இருந்தவரை பொருட்படுத்தவில்லை. அது சுருங்கிச் சுருங்கி ஒரு புள்ளியில் நின்றபோது, வலி குறைகிறது என்று சந்தோஷப்பட்டேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. ஆரம்ப விரிசல் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது என்று அப்போது எனக்குத் தெரியாது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு இன்னும் மூன்று வாரம் ஓடினேன். ஒரு நாள் எம்ஆர்டி ரயில் நிலையப் படியில் இறங்க முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். எம்ஆர்ஐ எடுத்த பிறகுதான் விரிசல் தெரிந்தது. திரும்ப ஓட நான்கு மாதம் ஆனது. அதனால் கெஞ்சிக் கேட்கிறேன், மாத்திரை போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். வலிதான் உங்களுக்கு இருக்கிற ஒரே அளவுகோல்.

அடுத்தது கணக்கு. வாரம் மூன்று சுற்று என்றால் ஏறக்குறைய 13 கிலோமீட்டர். வாரம் பத்து சுற்று என்றால் 43. ஒரே தாவலில் மூன்று மடங்குக்கு மேல்! மூச்சு மூன்று வாரத்தில் பழகிவிடும், எலும்புக்கு மாதக்கணக்கில் ஆகும். ஓட்டத்தின் சுமை பட்டால் எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும், உண்மைதான். ஆனால் முதலில் பழையதை அரித்தெடுத்துவிட்டு அப்புறம்தான் புதியதைக் கட்டும். இடைப்பட்ட வாரங்களில் அந்த இடம் முன்பைவிட பலவீனமாக இருக்கும். நீங்கள் சரியாக அந்த நேரத்தில் சுமையை ஏற்றியிருக்கிறீர்கள். ஷூ மாற்றியும் வலி போகாததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இரண்டு வாரம் ஓட்டம் வேண்டாம். சைக்கிள் ஓட்டுங்கள், நீந்துங்கள், தெம்பனிஸ் ஹப்பிலேயே நீச்சல்குளம் இருக்கிறது. ஐஸ் வலியைத் தணிக்கும், அவ்வளவுதான். கூடவே கெண்டைக்காலைப் பலப்படுத்த வேண்டும். உங்கள் புளோக் மாடிப்படியே போதும். படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, கைப்பிடியைப் பிடித்து, குதிகாலை மெதுவாக உயர்த்தி அதைவிட மெதுவாக இறக்குங்கள். முழங்காலை நேராக வைத்து ஒரு முறை, லேசாக மடக்கி ஒரு முறை. மடக்கிச் செய்யும்போதுதான் உள்ளே இருக்கிற சோலியஸ் தசைக்கு வேலை வரும். கணைக்கால் எலும்பு வளைகிற சுமையில் பங்கு வாங்கிக்கொள்வது அந்தத் தசை. முதலில் இரண்டு காலில், பழகியதும் ஒற்றைக் காலில். ஒற்றைக் காலில் 25 முறை வலியில்லாமல் வந்தால் நல்ல அறிகுறி.

நடக்கும்போது வலி சுத்தமாக இல்லை என்றானதும் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, ஒருநாள் விட்டு ஒருநாள். மறுநாள் காலை கட்டிலைவிட்டு இறங்கும்போது அந்தச் சுருக் இருந்தால் முந்தைய நாள் அதிகம் ஓடிவிட்டீர்கள் என்று அர்த்தம். டிசம்பர் போட்டியை இந்த முறை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

2.4கிமீ_தம்பி:

அக்கா சொன்னதோடு ஒன்று. ஐபிபிடி (தேசிய சேவைக்கான உடல்தகுதித் தேர்வு) ஓட்டத்துக்குத் தயாரானபோது எனக்கும் கணைக்கால் வலி வந்தது, ஆனால் வெளிப்பக்கம். ஓட ஓட இறுகும், பாதம் மரத்துப்போகும், நின்றால் கால் மணி நேரத்தில் சரியாகிவிடும். ஷின் ஸ்ப்ளின்ட்ஸ் என்று நினைத்து ஒரு வருடம் வீணாக்கினேன். தசை உறைக்குள் அழுத்தம் ஏறுகிற பிரச்சினை என்று பிறகுதான் தெரிந்தது. மரத்துப்போனால் தாமதிக்காதீர்கள்.

உள்பக்க வலிக்கு என் நண்பனுக்குக் கைகொடுத்தது அடியைச் சுருக்கியது. அதே வேகத்தில், நிமிடத்துக்கு வைக்கிற அடிகளை நூற்றுக்கு ஐந்து கூட்டினான். 160 என்றால் 168. கால் உடம்புக்கு ரொம்ப முன்னால் போய் விழாது.

பொங்கோல் வாசகி:

எனக்கும் இதே வலி, இந்த வருடத்தில் இரண்டாவது முறை. எடை குறைக்க இரவுச் சாப்பாட்டை நிறுத்தியிருக்கிறேன். மூன்று மாதமாக மாதவிலக்கும் வரவில்லை. சம்பந்தம் இருக்குமா?

மெக்ரிட்சி அக்கா:

இருக்கும்மா. ஓட்டத்துக்கு ஏற்ற சாப்பாடு இல்லாவிட்டால் ஹார்மோன் குறையும், எலும்பு மெலியும், விரிசல் சுலபமாக விழும். மூன்று மாதம் வரவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. இந்த வாரமே பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள். கால் வலியையும் மாதவிலக்கையும் சேர்த்தே மருத்துவரிடம் சொல்லுங்கள். இரவுச் சாப்பாட்டை இன்றே திரும்பத் தொடங்குங்கள்.

தெம்பனிஸ்காரன்:

அக்கா, அழுத்திப் பார்த்தேன். நாலு விரல் அகலத்துக்கு மேல், ஏழு சென்டிமீட்டர் இருக்கும், ஒரே சீரான வலி. புள்ளியாக எங்கேயும் இல்லை. ராத்திரி வலி இல்லை, நொண்டியடிக்கவும் முடிந்தது. படியில் ஒற்றைக் காலில் 11 முறைதான் வந்தது, இடது காலில் 19. வலது கால் இவ்வளவு பின்தங்கியிருக்கும் என்று நினைக்கவே இல்லை. போட்டிப் பதிவை நண்பர்களிடம் சொல்லி விட்டுவிட்டேன். நாளைக்கு நீச்சல்.