‘கீழ் உயர்நிலை’ வேண்டாம். ‘முதற்கட்ட இடைநிலை’ சரிவருமா?

குழுவினருக்கு வணக்கம்.

சிங்கப்பூர், மலேசியா இரண்டிலும் அரசு பள்ளிக் கல்விக்குச் செய்யும் செலவை ஒப்பிடும் அட்டவணைக்குத் தலைப்பு கேட்டிருந்தீர்கள். ‘கீழ் உயர்நிலை மாணவர் ஒருவருக்கான அரசுச் செலவு’ என்று நம் குழுவின் ஐயா எழுதியது சிங்கப்பூரில் நாம் பேசுவதிலிருந்து (lower secondary) நேரே வந்தது. ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. கீழும் உயர்வும் ஒரே சொல்லில் முட்டிக்கொள்கின்றன. அதைவிட, 13, 14 வயதுப் பிள்ளைகள் படிக்கும் வகுப்பின் பெயரில் ‘கீழ்’ ஒட்டிக்கொள்வது உறுத்துகிறது. விரைவுநிலை, வழக்கநிலை என்று பிள்ளைகளைப் பிரித்த பெயர்களையே 2024இல் உயர்நிலை 1க்கு வந்தவர்கள் முதல் கைவிட்டுவிட்டோம். புதிதாக ஒரு ‘கீழ்’ எதற்கு?

‘உயர்நிலை’ எல்லை தாண்டினால் பொருளும் மாறிவிடுகிறது. சிங்கப்பூரில் அது தொடக்கநிலை 6 முடித்ததும் வருவது. தமிழ்நாட்டில் உயர்நிலைப்பள்ளி என்றால் 10ஆம் வகுப்பு வரை உள்ள பள்ளி. மலேசியத் தமிழர் இடைநிலைப்பள்ளி, படிவம் 1 என்கிறார்கள். இலங்கையில் 6 முதல் 9ஆம் தரம் வரை கனிஷ்ட (இளைய) இடைநிலை. இந்த நான்கு இடத்துத் தமிழரும் படிக்கப்போகும் அட்டவணைக்கு ‘இடைநிலை’தான் பொது இடம். தமிழ்நாட்டு நண்பர்களுக்கு இதில் ஓர் இடறல் உண்டு: அங்கே ‘இடைநிலை ஆசிரியர்’ தொடக்கப்பள்ளியிலும் பாடம் நடத்துகிறார். அடிக்குறிப்பில் அதைச் சமாளிக்கலாம்.

‘முன்னிடைநிலை’ என்று நேற்று வந்த யோசனை அழகானது. ஆனால் ‘இடைநிலைக்கு முன்’ என்று படித்துத் தொடக்கநிலையை நினைப்பவர்கள் இருப்பார்கள். ஆகவே முதற்கட்ட இடைநிலை, அடுத்ததற்கு இரண்டாம் கட்ட இடைநிலை. யுனெஸ்கோவின் 2011ஆம் ஆண்டுக் கல்வி வகைப்பாடும் இப்பருவத்தை இப்படித்தான் இரண்டு படிகளாக வைக்கிறது.

பெயர் முடிவானாலும் எண்களில் கவனம் வேண்டும். நமக்கு முதற்கட்டம் உயர்நிலை 1, 2 என இரண்டு ஆண்டு. மலேசியாவுக்குப் படிவம் 1 முதல் 3 வரை மூன்று ஆண்டு. ஆண்டுக்கு ஒரு மாணவருக்கு எவ்வளவு என்று பார்ப்பது வேறு, அந்தக் கட்டம் முடியும்வரை எவ்வளவு என்று பார்ப்பது வேறு. தலைப்பில் ‘ஆண்டுக்கு’ என்ற சொல் கட்டாயம் இருக்கட்டும். நம் கல்வி அமைச்சு தரும் கணக்கில் உயர்நிலை முழுவதும் ஒரே தொகையாக இருப்பதால், அதை அப்படியே முதற்கட்டத்தின் கீழ் போட்டுவிடக் கூடாது.

சிங்கப்பூர் வெள்ளியையும் மலேசிய ரிங்கிட்டையும் நாணய மாற்று விகிதத்தில் மட்டும் மாற்றினால் ஆசிரியர் சம்பளம், பொருள் விலை இவற்றின் வேறுபாடு மறைந்துபோகும். வாங்குதிறன் சமநிலைப்படி, அதாவது அந்தந்த நாட்டில் அந்தப் பணம் எவ்வளவு வாங்கும் என்று பார்த்து, மாற்றுவதே நியாயம். அந்தச் செலவு தலா உள்நாட்டு உற்பத்தியில் (நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் ஒருவருக்கு வரும் பங்கில்) எத்தனை விழுக்காடு என்று காட்டும் அட்டவணைப் பத்தியையும் பக்கத்தில் வையுங்கள். நம் தலா உற்பத்தி மிக உயர்ந்தது. வெள்ளிக் கணக்கில் பெரிதாகத் தெரியும் செலவு விழுக்காட்டில் சிறுத்துவிடலாம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் வாசகர் ஏமாறமாட்டார்.

இன்னொரு சொல் பாக்கி. சம்பளம், பராமரிப்பு என ஆண்டுதோறும் வரும் செலவை இலங்கை வரவுசெலவுத் திட்டங்களில் ‘மீண்டெழும் செலவினம்’ என்கிறார்கள். கட்டடம் போன்ற மூலதனச் செலவிலிருந்து அது தெளிவாகப் பிரிந்து நிற்கிறது. நான் அதையே எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். ‘தொடர்செலவு’ போதும் என்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.

அன்புடன்